காவிரி வாக்குவாதம், ஒரு ஸ்கிரீன்ஷாட், அதற்குப் பிறகு

பெங்களூரில் தமிழர்களும் கன்னடர்களும் சேர்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டை ஆடும் ஒரு குழுவில் நான் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தேன். 2023 செப்டம்பரில் அந்தக் குழுவின் அரட்டையில் காவிரி பற்றி நான் எழுதிய ஒரு வரி வெளியே போய், கடைசியில் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. அந்த நாட்களில் என்ன செய்வது, யாரிடம் போவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. இரவெல்லாம் தேடிப் பார்த்தேன். கடன் ஆப் மிரட்டல், ஓடிபி மோசடி பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. என் நிலைமைக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் அலுவலக நண்பர்கள் சிலர் ஆரம்பித்த குழு அது. நண்பர், நண்பருக்கு நண்பர் என்று டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் இருநூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மைசூர், மண்டியா, ஹாசன்காரர்கள் ஒரு பக்கம், ஈரோடு, தஞ்சாவூர், மதுரைக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் மலையாளிகளும் தெலுங்கர்களும். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தால், நாலுக்கு நாலு என்று எட்டுப் பேர் ஆட்டம். ஆட்டம் ஆரம்பிக்கத் தாமதமானால் யாராவது 14 என்று அடிப்பார்கள், சீக்கிரம் ஆரம்பி என்று விளையாட்டே குரல் கொடுக்கும். 11 என்றால் சிரிப்பு. அதற்கு நடுவில்தான் அரட்டை. அதற்கென்று தனி அறை இருந்தது, பெயர் ‘திண்ணை’. சத்தியமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் ஆட்டத்துக்காக வரவில்லை, திண்ணைக்காகத்தான் வந்தார்கள். நானும் அப்படித்தான்.

திண்ணையில் பேசாத அரசியல் இல்லை. 2022 ஏப்ரலில் இந்திய அரச வம்சங்கள் பற்றிய டிஎல்சி (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) வந்தபோது திராவிடர் என்று ஒரு புதிய நாகரிகத்தைச் சேர்த்தார்கள், ராஜேந்திர சோழன் கதையும் கூடவே வந்தது. தமிழர்களுக்கு ஒரே கொண்டாட்டம். மைசூர் நண்பர் ஒருவர் மட்டும், “ஏன் குரு, எங்க ஹொய்சாளரையும் சாளுக்கியரையும் கொண்டுபோய் ஒரே பெயருக்குள்ள அடைச்சுட்டாங்களே, இது என்ன நியாயம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதிலிருந்து மேலைச் சாளுக்கியரும் சோழரும் வேங்கிக்காக மோதிய வரலாறு, அங்கிருந்து மொழிப்போர், அங்கிருந்து இந்தி என்று இரண்டு வாரம் ஓடியது. 2023 ஜூனில் கர்நாடகாவில் பெண்களுக்கு இலவசப் பேருந்து வந்தபோது, எங்கள் ஊரில் 2021 மே மாதமே வந்துவிட்டது என்று நாங்கள் சொல்ல, உங்கள் ஊரில் டவுன் பஸ் மட்டும்தானே, எங்களுக்கு மாநிலம் முழுக்க என்று அவர்கள் சொல்ல, புள்ளிவிவரத்தோடு சண்டை. மேகேதாட்டில் கட்டப்போவதாகச் சொல்லும் 67.16 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) அணையைப் பற்றி ஒரு மலையாளி நடுவராக இருந்து விவாதமே நடத்தினார். எவ்வளவு சூடானாலும் அடுத்த ஆட்டத்தில் ஒரே அணியில் நின்று கோட்டை கட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரரோடுகூட அப்படிப் பேச முடியாத ஊரில் இருந்துகொண்டு, அந்த அறையை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லி முடியாது.

காவிரி எப்போதும் பேசப்பட்ட விஷயம்தான். ஆனால் 2023 வேறு மாதிரி இருந்தது. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. முழு மட்டம் 124.80 அடி இருக்க வேண்டிய கிருஷ்ணராஜ சாகர் அணையில் செப்டம்பரில் 100 அடிகூட இல்லை. கர்நாடக அரசு 195 தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. கீழே டெல்டாவில் குறுவை காய்ந்துகொண்டிருந்தது. தமிழகத்துக்கு விநாடிக்கு 5,000 கன அடி விட வேண்டும் என்ற உத்தரவில் தலையிட முடியாது என்று செப்டம்பர் 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று இரவு திண்ணை கொதித்தது. வழக்கமாகப் பேசுகிறவர்களோடு, அதுவரை வாயே திறக்காத பெயர்கள் பலவும் வந்து எழுதின.

நான் எழுதியதை அப்படியே சொல்கிறேன். “மண்டியா விவசாயிக்கும் இந்த வருடம் தண்ணீர் இல்லை, அது உண்மை. நான் இந்த ஊரில் குடிப்பதும் காவிரிதான். 2018 தீர்ப்பு நடுவர் மன்றம் கொடுத்த 192-ஐ 177.25 டிஎம்சியாகக் குறைத்தபோது அதில் 4.75 பெங்களூர் குடிநீருக்கு என்றுதான் சொன்னது, அதை நான் ஏற்கிறேன். ஆனால் மீதி 177.25 எங்கள் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை.” இப்போதும் இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். மைசூர் நண்பர் பதில் எழுதினார். மழை பொய்த்த வருடத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட கணக்கு இல்லாதபோது, சாதாரண வருடத்துக்கான எண்ணைப் பிடித்துத் தொங்குவது சரியா என்று கேட்டார். அதுவும் சரியான கேள்வி. அதோடு தூங்கப் போய்விட்டோம்.

மறுநாள் மதியம் ஒரு கன்னட முகநூல் பக்கத்தில் என் வரி இருந்தது. கடைசி வாக்கியம் மட்டும். அதற்குக் கீழே நான் எழுதவே இல்லாத இன்னொரு வரி, கன்னடர்களை இழிவாகப் பேசுவது போல, அதே எழுத்துருவில், என் புனைபெயரின் கீழ். டிஸ்கார்டை பிரௌசரில் திறந்தால் திரையில் தெரியும் எந்த எழுத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடலாம், அதற்குத் தொழில்நுட்ப அறிவே தேவையில்லை. சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவில் என் உண்மைப் பெயரும் வேலை செய்யும் கம்பெனியும் சேர்ந்தன. ராத்திரி என் குடியிருப்பின் வாசல் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. கோபம் எல்லாம் பிறகு வந்தது, முதலில் வந்தது பயம்தான். கைபேசி ஓயாமல் அடித்தது. எடுத்தால் சிலர் திட்டினார்கள், சிலர் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

எங்கிருந்து கிடைத்தது என்று முதலில் புரியவில்லை. மனைவிதான் அந்த வாசல் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “என்னங்க, இது போன வருஷ வெள்ளத்துல நீங்க எடுத்ததுதானே” என்றாள். அப்படியேதான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், மகாதேவபுரா, வெளிவட்டச் சாலை எல்லாம் மூழ்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போன அந்த வாரம், திண்ணையில் எல்லோரும் தங்கள் தெருப் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் என்னுடையதும் ஒன்று. டிஸ்கார்டின் தேடல் பெட்டியில் ஒருவருடைய பெயரைக் கொடுத்து, படம் உள்ள பதிவுகள் மட்டும் வேண்டும் என்று கேட்டால் வருடக்கணக்கில் போட்டது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பெயரும் எண்ணும் போன வழி வேறு. எங்கள் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், அதை வசூல் செய்து வெற்றி பெற்றவருக்குக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்காக என் யுபிஐ கியூஆர் அறையில் ஒட்டப்பட்டிருந்தது. என் யுபிஐ ஐடி கைபேசி எண்ணிலேயே இருந்தது, ஸ்கேன் செய்தால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் முழுசாக வரும். பெயர் கிடைத்தால் லிங்க்ட்இன்னில் கம்பெனி. அவ்வளவுதான் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எல்லோரும் ‘அரசியல் பேசாதே’ என்றுதான் அறிவுரை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் என்னை மாட்டிவிட்டது அரசியல் கருத்து அல்ல. மழையும் போட்டிப் பரிசும்தான் என் முகவரியைக் கொடுத்தன. ஆகவே புனைபெயரில் அரசியல் பேசும் அறையில் பணப் பரிமாற்றம் வைக்காதீர்கள். பரிசு கொடுக்க வேண்டுமென்றால் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் விளையாட்டையோ டிஎல்சியையோ நண்பருக்குப் பரிசாக அனுப்பும் வசதி இருக்கிறது, அங்கே வங்கிப் பெயர் வராது. யுபிஐயில் கைபேசி எண் இல்லாத ஐடி ஒன்றை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வங்கிப் பெயர் தெரியத்தான் செய்யும், அதை மறக்க வேண்டாம். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து, அந்தத் தேடல் பெட்டியில் உங்கள் பெயரையே போட்டு, நீங்கள் போட்ட படங்களை எல்லாம் ஒரு அந்நியன் பார்ப்பது போலப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், பிள்ளையின் பள்ளிச் சீருடை, கூரியர் கவரில் ஒட்டிய முகவரி. எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் இதில் ஏதாவது ஒன்று இருந்தது.

அடுத்தது மிக முக்கியம். எங்கள் குழுவின் நிர்வாகிகள் பயந்துபோய்த் திண்ணை அறையையே அழித்துவிடப் போவதாகச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான். டிஸ்கார்டில் ஒரு அறையை அழித்தால் திரும்ப வராது. நான் உண்மையில் என்ன எழுதினேன் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த அறைதான். கெஞ்சிக் கேட்டு, அழிக்காமல் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைக்கச் சொன்னேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் மனம் இறங்கிப் பூட்டினார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், நீங்களும் உங்கள் பதிவை அழிக்காதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். திருத்தினால் பக்கத்திலேயே திருத்தப்பட்டது என்று காட்டிவிடும், அப்புறம் போலி எது அசல் எது என்று நிரூபிக்க முடியாது. என் பதிவில் அந்தக் குறி இல்லை என்பதே பிறகு எனக்குப் பெரிய பலமாக இருந்தது. குழுவின் பெயர் தெரியும் இடத்திலிருந்து ஆரம்பித்து, அறைக்குள் போய், தேதி நேரத்தோடு முன்னும் பின்னும் உள்ள பேச்சைக் காட்டி, பதிவின் லிங்க்கை எடுப்பது வரை திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டால் எதிர்க்க முடியாது. கணக்கு அமைப்புகளில் உங்கள் தரவு முழுவதையும் கேட்டு விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது. வந்து சேர 30 நாள் வரை ஆகலாம், அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அதில் நீங்கள் எழுதியவை மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் எழுதியவை இருக்காது. வீடியோ அதற்காகவும் வேண்டும்.

26-ஆம் தேதி பெங்களூர் பந்த், 29-ஆம் தேதி கர்நாடக பந்த் என்று அறிவிப்பு வந்தது. வீட்டு உரிமையாளர் கன்னடர், ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். மேலே வந்து உட்கார்ந்து, “1991 டிசம்பர் கலவரத்தை நான் பார்த்தவன்ப்பா. 2016-ல பஸ் எரிஞ்சப்பவும் இங்கதான் இருந்தேன். இந்தத் தடவை அப்படி ஆகாதுன்னுதான் நினைக்கிறேன், இருந்தாலும் குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் போய்ட்டு வாங்க” என்றார். 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் ஒரே டிப்போவில் 30-க்கும் மேல் எரிந்ததை நாங்களும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள்தான். ஒசூரில் மனைவியின் சித்தி வீடு. பந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பினோம். வழக்கமாக 1,200 ரூபாய் ஆகும் தூரத்துக்கு 3,000 கேட்டார்கள், கொடுத்தேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை பிள்ளையோடு தமிழில் பேசாமல் வந்தோம். அவன் ஏன் என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது இன்னும் எனக்கு வலிக்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டும், 2023 பந்த் பெருமளவு அமைதியாகவே நடந்தது. என் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. ஆனால் தட்டுவார்களோ என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அலுவலகத்தில் மனிதவளத் துறைக்கு நிறைய மின்னஞ்சல்கள் போயிருந்தன. ‘இது அடங்கும்வரை விடுப்பில் இருங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னார்கள். சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அன்றே நானே ஒரு மின்னஞ்சல் போட்டேன்: நீங்கள் இன்று தொலைபேசியில் இன்னது சொன்னீர்கள், இது சம்பள விடுப்பா என்று உறுதி செய்யுங்கள், பரவும் படம் போலி, அசலை நேரில் திறந்து காட்டத் தயார். எழுத்தில் கேட்டதால்தான் பாதி நாட்களுக்காவது சம்பளம் வந்தது. வாடிக்கையாளர் புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், சில மாதம் வேலை எதுவும் ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன், அந்த வருட வேரியபிள் போனஸ் போயிற்று. அது மட்டும் 60,000 ரூபாய். ஆளே மாறிவிட்ட மாதிரி பார்த்த சக ஊழியர்களின் பார்வைக்குக் கணக்கு இல்லை.

வக்கீல் ஒருவரைப் பிடித்தோம், ஆலோசனைக்கும் நோட்டீசுக்கும் சேர்த்து 15,000. அவர் முதலில் சொன்னது, “மன்னிப்புன்னு ஒரு வரிகூடப் போடாதீங்க, விளக்கமும் போடாதீங்க.” மன்னிப்புக் கேட்டால் அந்தப் போலி வரியை நாமே எழுதியதாக ஒப்புக்கொண்டது போல ஆகும், விளக்கம் கொடுத்தால் அதிலிருந்து இன்னொரு துண்டை வெட்டுவார்கள். சட்டத்தைப் பற்றியும் தெளிவாகச் சொன்னார். இணையத்தில் எழுதியதற்காகவே கைது செய்ய வழி கொடுத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் மொழி, மதம், பிறந்த இடத்தை வைத்துப் பகையை வளர்ப்பது தனிக் குற்றம், அப்போது அது இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. அந்தப் போலி வரி என் தலையில் நின்றிருந்தால் நான் குற்றவாளி ஆகியிருப்பேன். அதைத் தயாரித்தவர்தான் உண்மையில் அந்தப் பிரிவுக்குள் வருகிறவர். இது புரிந்தபிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முடிந்தது. மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதையும், எந்தக் கருவியில் எடுத்தீர்களோ அந்தக் கைபேசியை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

காவல் நிலையத்துக்கு என்னோடு வந்தது மைசூர் நண்பர். நான் கூப்பிடவில்லை. பதிவைப் பார்த்துவிட்டு அவரே அழைத்தார். “நீ எழுதுனது எனக்குத் தெரியும் குரு, நான்தானே பதில் சொன்னேன். நான் வரேன்.” அதுவரை நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. புகாரைக் கன்னடத்தில் அவர்தான் எழுதினார், திண்ணையில் நடந்த வாதத்தில் தானும் எதிர்த்தரப்பில் இருந்ததாக அவரே குறிப்பிட்டார். பக்கத்து நிலையத்தில் இருந்தவர்கள் எங்களை சிஇஎன் நிலையத்துக்கு அனுப்பினார்கள். பெங்களூரில் சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கென்று அப்போது இருந்த தனி நிலையங்கள்தான் சிஇஎன். சைபர் குற்றங்களைப் பார்க்கும் நிலையத்துக்கு நேராகவே போகலாம். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கு, எங்களுக்கு அது உதவவில்லை. நேரடி மிரட்டல், ஆள் வாசலில் என்றால் 112. நிலையத்தில் அவர்கள் கேட்டது படங்களை அல்ல, அந்த முகநூல் பதிவின் லிங்க், பக்கத்தின் லிங்க். நல்லவேளையாக மனைவி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தின் பெயரை மாற்றிவிடலாம், அதனால் பெயர் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. எஃப்ஐஆர் போடவில்லை, மனுவாக வாங்கி ரசீது கொடுத்தார்கள். ஆனால் ஆய்வாளர் பக்கத்தை நடத்துகிறவரைக் கூப்பிட்டுப் பேசினார், அடுத்த நாள் பதிவு காணாமல் போயிருந்தது. அந்த ரசீதைக் காட்டியபிறகுதான் அலுவலகமும் என் பேச்சைக் காதில் வாங்கியது. படத்தை மாற்றியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. எங்களில் ஒருவர்தான், அது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அந்த வெள்ளப் படம் வேறு எங்கும் இல்லை.

வீடு மாறினோம். எட்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டின் வாசலை ஊரே பார்த்தபிறகு அங்கே இருக்க மனைவிக்கு மனம் இல்லை, எனக்கும்தான். வீட்டுக்காரர் பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகை பிடிக்கும் வழக்கத்தைக்கூடப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அப்படியும் சாமான் ஏற்ற, புது வீட்டு முன்பணம், புரோக்கர் என்று கையிலிருந்து நிறையப் போயிற்று. போனஸ், வக்கீல், வீடு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று எழுதப்போவதில்லை, காரணம் உங்களுக்குப் புரியும். கைபேசி எண்ணை மாற்றவில்லை, வங்கி முதல் பள்ளி வரை எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்கவிடாமல் வைக்கும் வசதி அந்த வருடம்தான் வந்திருந்தது, அதைப் போட்டபிறகுதான் முதல்முறையாக ஒரு இரவு முழுக்கத் தூங்கினேன்.

பழைய குழு அரசியலைத் தடை செய்தது. என்ன நடந்தது தெரியுமா? தமிழர்கள் தனி வாட்ஸ்அப் குழு, கன்னடர்கள் தனி வாட்ஸ்அப் குழு. ஒரு குழுவில் வரும் பொய்யான அணை மட்டத்தை மறுக்க மறுதரப்பில் ஆள் இல்லை. ஆட்டத்துக்கு எட்டுப் பேர் சேர்வதே நின்றுபோனது. இதை நான் ஆத்திரத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வருடமாகக் காவிரிக்கு இரண்டு பக்கமும் நின்று கத்திக்கொண்டே ஒன்றாக ஆடிய மனிதர்களை ஒரு விதியை வைத்துப் பிரித்துவிட்டார்கள். நானும் மைசூர் நண்பரும் அந்த மலையாளி நடுவரும் சேர்ந்து சிறிதாக ஒன்று ஆரம்பித்தோம். அங்கே அரசியல் அறை உண்டு. வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் தெரியும், மூன்று மாதம் சேர்ந்து ஆடியபிறகுதான் கேட்க முடியும். ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் ஐந்து நிமிட இடைவெளியை டிஸ்கார்டிலேயே வைத்துவிட்டோம். பந்த், தேர்தல் முடிவு போன்ற நாட்களில் ஒரு மணி நேரம். அறையில் படங்கள் முப்பது நாளில் தானாக அழியும்படி ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வைத்திருக்கிறோம், எழுத்து அழியாது. எண் சொன்னால் எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். வெளியே ஸ்கிரீன்ஷாட் கொண்டுபோனது தெரிந்தால் விசாரணை இல்லாமல் வெளியேற்றம். 2024 ஜூலையில் கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி, மாதக் கடைசியில் மேட்டூரும் 120 அடியைத் தொட்டபோது அந்த அறையில் நடந்த பேச்சு, பற்றாக்குறை வருடக் கணக்கை நிரம்பிய வருடத்தில்தான் பேசி முடிக்க வேண்டும் என்பது. அதில் நானும் அவரும் முதல்முறையாக ஒரே பக்கம் நின்றோம்.

இப்போது இதே நிலைமையில் யாராவது இருந்தால், இன்று ராத்திரி செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். எதையும் அழிக்காதீர்கள், நிர்வாகியிடம் அறையைப் பூட்டச் சொல்லுங்கள், வீடியோ எடுங்கள், பரவும் பதிவின் லிங்க்குகளை எடுத்து வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள், தரவுக்கு விண்ணப்பியுங்கள். பதில் எழுதாதீர்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் வீட்டு உரிமையாளரிடமும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வேறு ஒருவர் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம். காலையில் சைபர் குற்றக் காவல் நிலையம் போகும்போது கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.